ஷீட் எத்தனை?

எங்கள் வீட்டில் புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற பெருமை, மகள் பொறியியல் கல்லூரிக்குப் போகும்வரை எனக்கு இருந்தது. சேர்ந்த பிறகும் சில வாரம் தாக்குப்பிடித்தது. முதல் பருவத்தில் அவளுக்கும் 'சி' மொழிதான் பாடம் என்று தெரிந்த அன்றைக்குத்தான் ஆட்டம் கண்டது.

நான் படித்தது தொண்ணூறுகளில். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் நுழைகிற மாடி கம்ப்யூட்டர் சென்டர். உள்ளே டர்போ சி++ இன் நீலத் திரை. முதல் வரியில் திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன், கடைசி வரியில் ஒரு கெட்ச், தலைப்பில் 'வாய்ட் மெயின்'. நடுவில் என்ன எழுதினாலும் அது புரோகிராம். அந்தக் கல்வியை இத்தனை வருடமாகக் கொஞ்சமும் செலவழிக்காமல் வைத்திருந்தேன். யாராவது செல்போன் ரிப்பேர் என்று வந்து நின்றால், "நான் ஹார்டுவேர் இல்லை, சாஃப்ட்வேர்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மட்டும் அது பயன்பட்டது.

எங்கள் ஊரான ஆரியங்கோட்டில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. கொஞ்சம் என்றால், தோட்டம் என்று சொன்னால் கேட்கிறவர் சிரிப்பார், மரங்கள் என்று சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும், அந்த அளவு. அதன் கணக்கை என் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவந்தாள். இன்றைக்கு ரப்பர் ஷீட் எத்தனை, மரத்திலேயே உறைந்து ஒட்டிய ஒட்டுப்பால் எவ்வளவு, கடைக்காரர் போட்ட விலை என்ன, எல்லாம் அதில் இருக்கும். கணக்கில் ஒரு குறையும் கிடையாது. அதுதான் எனக்குக் குறையாகப் பட்டது.

மகள் தன் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தாள். விடுமுறைக்கு அவள் வந்திருந்தபோது, அதிலே உட்கார்ந்து ரப்பர் கணக்குக்கு ஒரு சி புரோகிராம் எழுதினேன். கறுப்புத் திரையில் கேள்வி வரும், பதிலைத் தட்ட வேண்டும். வெட்டியவர் பெயர்? விலை? ஷீட் எத்தனை? ஒட்டுப்பால் எத்தனை கிலோ? இன்னும் உண்டா? கோனியோ ஹெடர் அந்த லேப்டாப்பில் இல்லவே இல்லை என்று கம்பைலர் சொன்னது. டர்போவோடு வந்த சரக்கு அது, சி மொழியின் சட்டத்தில் இல்லை என்றாள் மகள். கிளியர்ஸ்கிரீனும் கெட்சும் போனால் என் படிப்பில் பாதி போயிற்று. மீதிப் பாதியை வைத்து முடித்தேன்.

ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. கேள்வி கேட்டவனும் நான், பதில் சொன்னவனும் நான். எனக்குச் சம்மதமான பதில் மட்டுமே கிடைக்கும் ஏற்பாடு எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

அடுத்து மனைவியை உட்கார வைத்தேன். 'ஷீட் எத்தனை?' என்று திரை கேட்டது. எங்கள் பக்கத்தில் தேங்காயானாலும் ஷீட்டானாலும் வெறும் எண்ணைச் சொல்லி நிறுத்துகிற வழக்கம் இல்லை. அவள் '12 எண்ணம்' என்று தட்டி என்டரை அழுத்தினாள். நான் அடுக்களைக்குக் காப்பி எடுக்கப் போயிருந்தேன்.

"இஞ்ச வாருங்க. உங்க கம்ப்யூட்டர் ஒட்டுப்பால் கேட்டுக்கிட்டே கெடக்கு. பதில் சொல்லவும் விடமாட்டேங்குது."

வந்து பார்த்தால் திரை முழுக்க 'ஒட்டுப்பால் எத்தனை கிலோ? ஒட்டுப்பால் எத்தனை கிலோ?' என்று வரிகள் மேலே ஓடிக்கொண்டிருக்கின்றன. மழைக்காலத்தில் ஒட்டுப்பால் விலை ஏறினால்கூட யாரும் இவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை. நான் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு பேட்டரியைக் கழற்ற இடம் தேடினேன். இந்தக் காலத்து லேப்டாப்பில் அது கிடையாது. மகள் ஒரு கையில் மரச்சீனியோடு வந்து, மறு கையால் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினாள். நின்றது.

"ஸ்கேன்எஃப் போட்டியளா?"

போட்டேன். பின்னே எதைப் போடுவது?

அங்கேயே நின்று அவள் விளக்கினாள். நாம் விசைப்பலகையில் தட்டுவதை என்டர் அழுத்தும்வரை டெர்மினல் தன் கையில் வைத்திருக்கும். அதுவரை புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது. என்டர் விழுந்ததும் அந்த வரி முழுவதும் உள்ளே வந்து பஃபரில் உட்காரும். ஸ்கேன்எஃப்பிடம் %டி கொடுத்து முழு எண் கேட்டால், '12'ஐ எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் 'எண்ணம்' என்ற சொல் எண் இல்லை. அதைத் தொடாது, அங்கேயே விட்டுவிடும். அடுத்த ஸ்கேன்எஃப் ஒட்டுப்பாலைக் கேட்கும்போது, வாசலில் நிற்பது பழைய 'எண்ணம்'. எண் இல்லையே என்று அது தோற்றுத் திரும்பும். திரும்பும்போதும் அதை எடுத்துப் போடாது. நான் என்ன எழுதியிருந்தேன்? கிலோ பூஜ்யத்துக்கு மேல் வரும்வரை திரும்பக் கேள் என்று. கேட்டது. ஒவ்வொரு தடவையும் அதே 'எண்ணம்' அதே இடத்தில் நின்றது. உலகம் முடியும்வரை கேட்டிருக்கும்.

"ஸ்கேன்எஃப் எத்தனை பதில் கெடச்சுதுன்னு ஒரு எண் திருப்பித் தரும்ப்பா. நீங்க அத வாங்கிப் பாக்கவே இல்ல."

"அது வழக்கம்தான்," என்றாள் என் மனைவி.

நான் வாதாடினேன். எண் கேட்டால் எண்ணைத்தானே தட்ட வேண்டும், அதற்கு மேல் ஏன் தட்ட வேண்டும் என்று. மகள் விவாதம் செய்யவில்லை. "நீங்களே விலைய அடிங்க," என்றாள். நான் வாழ்க்கையில் பாதியை ரசீது எழுதிக் கழித்தவன். கை தானாக '200/-' என்று தட்டியது. அந்தச் சாய்கோடும் சிறுகோடும் பஃபரில் உட்கார்ந்துகொண்டன. திரை மறுபடியும் ஓடியது. இம்முறை கன்ட்ரோல் சி-யை நானே அழுத்தினேன். அந்த நாளில் நான் கற்றுத் தேறியது அது ஒன்றுதான்.

அன்றைக்கு மாலைக்குள் வீட்டிலிருந்த எல்லோருக்கும் இது ஒரு விளையாட்டாகிவிட்டது. என் அம்மா 'ரெண்டரை' என்று எழுத்தில் தட்டச் சொன்னாள். அக்கா மகன் '1,200' என்று காற்புள்ளி வைத்துத் தட்டினான். புரோகிராம் 1 என்று எடுத்துக்கொண்டது. பால் வெட்ட வருகிற அண்ணாச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் பாதி மலையாளம் பேசுகிறவர். "எந்தா சாரே இதில் சொல்லணும்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, தன் பெயரை முதலெழுத்தோடு தட்டினார்.

பெயரில் முதலெழுத்து வைத்து, புள்ளி வைத்து, இடம் விட்டு எழுதுகிற ஜனங்கள் நாம். ஸ்கேன்எஃப்பின் %எஸ் இடைவெளி கண்ட இடத்தில் நின்றுவிடும். அண்ணாச்சியின் பெயரில் முதலெழுத்து மட்டும் உள்ளே போனது. பெயர் போய் விலை கேட்கும் இடத்தில் நின்றது. ஒரு மாதம் இப்படியே ஓடியிருந்தால் என் கணக்கில் எங்கள் ஊர் வெட்டுக்காரர்கள் எல்லோருக்கும் 'எஸ்.' என்றே பெயர் இருந்திருக்கும்.

கடைசிக் கேள்வி 'இன்னும் உண்டா?' என்பது. ஆமாம் என்றால் ஒய், இல்லை என்றால் என், ஒரே எழுத்து. இதில் யாரும் கோளாறு பண்ண முடியாது என்று நம்பினேன். ஆனால் யாரும் எதையும் தொடுவதற்குள் புரோகிராம் முடிந்துபோனது. கிலோவைத் தட்டியபோது அழுத்திய என்டர் பஃபரில் மிச்சம் இருந்திருக்கிறது. %டி அதை எடுக்கவில்லை. %சி எழுத்து கேட்கும்போது முதலில் கிடைத்தது அந்த என்டர்தான். அதுவும் ஓர் எழுத்துதானே. அது 'ஒய்' இல்லை, ஆகவே இல்லை என்று முடிவு செய்துவிட்டது.

"கேள்வியும் கேட்டுட்டு, நாம வாயத் தொறக்குமுன்ன முடிவும் பண்ணிக்கிடுது," என்றாள் மனைவி. "ஆளு யாரு எழுதினதுன்னு நல்லாத் தெரியுது."

இதற்கு என்னிடம் மருந்து இருந்தது. எஃப்ஃப்ளஷ், அடைப்புக்குறிக்குள் எஸ்டிடிஇன். டர்போ காலத்தில் எங்கள் மாஸ்டர் கற்றுத் தந்தது. எங்கே கோளாறு வந்தாலும் இதை ஒரு வரி போட்டால் பஃபர் காலியாகும். ஜம்பமாக எழுதினேன். மகள் பார்த்துவிட்டு, "இது எங்க சட்டத்துலயே இல்லப்பா," என்றாள். சி மொழியின் தரப்படி எஃப்ஃப்ளஷ் என்பது வெளியே போகும் தரவைத் தள்ளிவிட வைத்தது. உள்ளே வருவதன்மேல் போட்டால் என்ன நடக்கும் என்று தரம் சொல்லவே இல்லை. டர்போவும் மைக்ரோசாஃப்டும் தங்கள் இஷ்டத்துக்குக் காலி செய்து கொடுத்தார்கள். லினக்ஸ் டெர்மினலில் அது ஒன்றும் செய்யாது. ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. இருபத்தைந்து முப்பது வருடமாக நான் பத்திரமாக வைத்திருந்த சொத்துகளில் மிகப் பெரியது அது.

சரி, என்டர் வரும்வரை ஒவ்வோர் எழுத்தாகத் தின்று தீர்க்கிறேன் என்று கெட்சாரை வைத்து ஒரு வளையம் எழுதினேன். எழுத்தை எடு, என்டரா பார், இல்லையென்றால் அடுத்ததை எடு. நன்றாக வேலை செய்தது. மகள் பழைய நோட்டிலிருந்த கணக்கை ஒரு கோப்பில் தட்டி அதை அப்படியே புரோகிராமுக்குள் திருப்பிவிட்டாள். கோப்பின் கடைசி வரியில் என்டர் இல்லை. புரோகிராம் வராத என்டருக்காகக் காத்துத் தின்றுகொண்டே இருந்தது. லேப்டாப்பின் விசிறி இரைய ஆரம்பித்தது. உள்ளே வருவது தீர்ந்துபோனால் கெட்சார் ஈஓஎஃப் என்று ஒரு சேதி சொல்லும், அதையும் பார்க்க வேண்டும். லினக்ஸில் கன்ட்ரோலும் டி-யும், பழைய டாஸில் கன்ட்ரோலும் இசட்டும் தட்டினால் அதே சேதிதான். பார்ப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. கெட்சார் தருவதை நான் 'சார்' என்ற ஒரு பைட் பெட்டியில் வாங்கியிருந்தேன். எந்த எழுத்தோடும் மோதாமல் இருப்பதற்காகவே ஈஓஎஃப் எழுத்துகளின் வரிசைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிடிக்க 'இன்ட்' பெட்டி வேண்டும். ஒரு பைட் பெட்டியில் அடைத்தால் சில கணினிகளில் நிஜமான ஓர் எழுத்தை முடிவு என்று நினைத்து நின்றுவிடும், சிலவற்றில் முடிவே தெரியாமல் ஓடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஸ்கேன்எஃப்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. பெயருக்கு மட்டும் கெட்ஸ் போடுகிறேன் என்றேன். கெட்ஸ் முழு வரியையும் எடுக்கும். இடைவெளி கண்டு பயப்படாது. முதலெழுத்தும் பெயரும் சேர்ந்து வரும். எழுதிக் கம்பைல் செய்தேன். கம்பைலரான ஜிசிசி என்னைத் திட்டியது. கெட்ஸ் ஆபத்தானது, பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாக ஒரு வரி. என் வாழ்க்கையில் ஒரு கம்பைலர் வாயிலிருந்து இவ்வளவு தெளிவான புத்திமதி நான் கேட்டதில்லை. பொதுவாக அவை அரைப்புள்ளி இல்லை என்றுதான் அழும்.

கெட்ஸின் பாவம் என்னவென்றால், அது எங்கே கொட்டுகிறது என்பதன் அளவு அதற்குத் தெரியாது. நாம் இருபது பைட் இடம் கொடுத்து, உள்ளே ஐந்நூறு வந்தால், ஐந்நூறையும் கொட்டும். பக்கத்திலிருக்கும் மற்ற மாறிகள் மேலும், அந்தச் சார்பு வேலை முடிந்து எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் முகவரியின் மேலும் விழும். தெரிந்தவன் ஒருவன் கணக்குப் பார்த்துக் கொட்டினால், அந்த முகவரியில் தன் முகவரியை எழுதிவிடலாம். பிறகு கணினி அவன் சொல்படி நடக்கும்.

ஒருவன் கொட்டினான். 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவன் ராபர்ட் டாப்பன் மோரிஸ் என்பவன் இணையத்தில் ஒரு புழுவை விட்டான். அது பரவ எடுத்துக்கொண்ட வழிகளில் ஒன்று, யூனிக்ஸ் இயந்திரங்களில் ஓடிய ஃபிங்கர் என்ற சேவை. அதில் 512 பைட் இடம் வைத்து, கெட்ஸைப் போட்டு வரியை வாங்கிக்கொண்டிருந்தார்கள். புழு 536 பைட் அனுப்பியது. இருபத்து நான்கு பைட் அதிகம், அவ்வளவுதான். வாக்ஸ் இயந்திரங்களின் கதவு திறந்தது. அன்றைய இணையத்தில் இருந்ததே ஏறக்குறைய 60,000 கணினிகள். அவற்றில் சுமார் 6,000 மாட்டிக்கொண்டன என்பது அப்போதைய மதிப்பீடு. அவனுக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்பாடு எம்ஐடியில் பேராசிரியரானான். அதனால் இனி 'ஆனார்' என்றே எழுத வேண்டும்.

மகள் இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது எனக்குப் பிடித்தது வேறு ஒரு விவரம். அந்தப் பையனின் அப்பா, அவர் பெயரும் ராபர்ட் மோரிஸ்தான், பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸில் வேலை செய்தவர். பையன் புழுவை விட்ட சமயத்தில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானியாக இருந்தார். அந்த அப்பா அன்றைக்குக் காலையில் எப்படிக் காப்பி குடித்திருப்பார் என்று நான் நெடுநேரம் யோசித்தேன். என் மகள் என் கெட்ஸை அழித்ததோடு நிறுத்திக்கொண்டாள். நான் அதிர்ஷ்டக்காரன்.

இவ்வளவு நடந்தும் கெட்ஸ் உடனே சாகவில்லை. 1989இன் தரத்திலும் இருந்தது, 1999இன் தரத்திலும் இருந்தது. 2011இல் வந்த தரத்தில்தான் அடியோடு எடுத்தார்கள். புழு ஊர்ந்து இருபத்து மூன்று வருடம் கழித்து. எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு இரும்பு மூடி போடுகிறேன் என்று நான் சொல்லிவருவதும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். உலகத்தின் பெரிய மூளைகள் எல்லாம் கூடியே இத்தனை நாள் எடுத்துக்கொண்டால் என்னைக் குறை சொல்வது நியாயமா என்று கேட்டேன். மனைவி மூடியைப் பற்றி மட்டும் பேசினாள்.

கெட்ஸுக்குப் பதில் எஃப்கெட்ஸ். இதற்கு மூன்று சங்கதி சொல்ல வேண்டும்: எங்கே போடு, அங்கே இடம் எவ்வளவு, எங்கிருந்து எடு. இருபது பைட் என்று சொன்னால் பத்தொன்பது எடுத்துக்கொண்டு, கடைசியில் முடிவுக்குறியாக ஒரு பூஜ்யம் வைத்து நிறுத்தும். வெளியே சிந்தாது. என்டரையும் கூடவே கொண்டுவரும், அதை நாம் வெட்டிவிட வேண்டும். இதோடு முடிந்தது என்று நினைத்து, கேள்விகளில் 'ஊர்?' என்று ஒன்று புதிதாகச் சேர்த்தேன். இருபது பைட். எங்கள் ஊர்ப் பெயருக்கு இருபது எதற்கு, தாராளம்.

1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போய், நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றபோது, எங்கள் வீடு நின்றது கேரளப் பக்கம். வெளியே மலையாளம், வீட்டுக்குள்ளே தமிழ், ரசீதில் ஆங்கிலம் என்று பழகிவிட்டோம். அதனால் விசைப்பலகையிலும் யார் எந்த எழுத்தில் தட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. மகள் தமிழில் 'ஆரியங்கோடு' என்று தட்டினாள். திரையில் வந்தது 'ஆரியங்', அதற்குப் பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

யுடிஎஃப்-8 என்ற குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'ரி' என்றால் ர-வும் கொக்கியும் தனித்தனி. இரண்டு குறி, ஆறு பைட். 'ங்' என்றால் ங-வும் புள்ளியும், இன்னோர் ஆறு. இப்படிக் கூட்டினால் ஆரியங்கோட்டுக்குப் பத்துக் குறி, முப்பது பைட். பாறசாலைக்கு இருபத்தொன்று. களியக்காவிளைக்கு முப்பத்தாறு. நெய்யாற்றின்கரைக்கு நாற்பத்தைந்து, தாலுகாத் தலைநகரம் அல்லவா. மலையாள எழுத்துக்கும் இதே மூன்றுதான், இதிலாவது எல்லைக்கு இருபுறமும் சமம். நான் கொடுத்த பத்தொன்பது பைட்டில் 'ஆரியங்' வரை பதினெட்டு. பத்தொன்பதாவது, 'க'வின் மூன்றில் ஒரு பங்கு. அந்தத் துண்டுதான் கேள்விக்குறியாக நின்றது. எஃப்கெட்ஸ் பைட்டைத்தான் எண்ணும், எழுத்தை எண்ணாது.

மிச்சம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. 'க'வின் மீதி இரண்டு பங்கும், அதன் கொம்பும் காலும், பின்னால் 'டு'வும் பஃபரில் காத்திருந்து, அடுத்த கேள்விக்குப் பதிலாக உள்ளே வந்தன. ஷீட் எத்தனை? எங்கள் ஊரின் வால். அதை எண்ணாக மாற்ற நான் ஏடூஐ என்ற பழைய சார்பைப் போட்டிருந்தேன். அதற்கு எண் இல்லாத எதைக் கொடுத்தாலும் பூஜ்யம் என்று சொல்லும். மெய்யாகவே பூஜ்யம் தட்டினாலும் பூஜ்யம்தான் சொல்லும். அன்றைக்கு எங்கள் மரங்களில் பால் இல்லை என்று கணக்கில் ஏறியது.

அப்போதுதான் மகள் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணாச்சி வெட்டு முடிந்து வந்திருந்தார். சிரட்டை சிரட்டையாகச் சேர்த்த பால் ஒரு வாளியில். அதில் பட்டைத் துணுக்கும் இரண்டு கட்டெறும்பும் ஓர் இலையும் மிதந்தன. அவர் வாளியை எடுத்து அரிப்பில் ஊற்றினார். குப்பையும் கட்டியும் மேலே நின்றன. அரித்த பாலில் தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் அளந்து விட்டு, ஆசிட் கலக்கி, நுரையை ஒரு தகட்டால் வழித்து எடுத்தார். ஒரு டிஷ்ஷுக்கு நாலு லிட்டர், அதில் அரைக் கிலோ ஷீட். சிரட்டையிலிருந்து நேரே டிஷ்ஷில் ஊற்றுகிற வெட்டுக்காரன் எங்கள் பஞ்சாயத்தில் கிடையாது. மகள் வேறொன்றும் சொல்லவில்லை. நானும் திரும்பி நடந்து வந்து, ஸ்கேன்எஃப் எல்லாவற்றையும் அழித்தேன். வருகிற வரி என்ன குப்பையாக இருந்தாலும் முழுவதுமாக ஒரு பெரிய இடத்தில் வாங்கிக்கொள்வது. வரியில் என்டர் இல்லையென்றால் நீளம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், மிச்சத்தை என்டர் அல்லது ஈஓஎஃப் வரை கொட்டிவிடுவது. பிறகுதான் அதில் எண் உண்டா என்று அரித்துப் பார்ப்பது.

அரிக்க ஸ்ட்ர்டோல் என்ற சார்பு. இது எண்ணை மட்டும் தந்துவிட்டுப் போகாது. எந்த எழுத்தோடு எண் முடிந்தது என்று ஒரு சுட்டியையும் தரும். சுட்டி முதல் எழுத்திலேயே நின்றால் எண்ணே இல்லை. வரியின் கடைசியில் நின்றால் சுத்தமான எண். நடுவில் நின்றால் '12 எண்ணம்' வகை. அந்த வகையை ஏற்பதா மறுப்பதா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். எங்கள் வீட்டில் ஏற்பது என்று பெரும்பான்மை முடிவு. '200/-' வகையையும் ஏற்பது என்று நான் தனியாக முடிவு செய்தேன். எண் பெரிதாகி அடங்காமல் போனால் எர்னோ என்ற இடத்தில் ஒரு குறி வைக்கும். கூப்பிடுவதற்கு முன்னால் நாம் அதைப் பூஜ்யமாக்கி வைத்திருக்க வேண்டும்.

அடங்காமல் போகுமா என்று கேட்காதீர்கள். கடைக்காரரின் மொபைல் எண்ணையும் %டி போட்டு நான் வாங்கியிருந்தேன். சாதாரண இன்ட் தாங்குவது 2,147,483,647 வரை. நம் நாட்டு மொபைல் எண் பத்து இலக்கம். 6, 7, 8, 9இல்தான் தொடங்கும். ஆக, இந்தியாவில் ஒரு மொபைல் எண்கூட அதில் அடங்காது. கடைக்காரருக்கு என்று நான் போட்ட ஓர் அழைப்பு யாருக்குப் போனது என்று இன்றும் தெரியாது. எதிரே பேசிய அம்மா நல்ல மாதிரி, ரப்பர் விலையை விசாரித்துவிட்டு வைத்தார். மொபைல் எண்ணைக் கூட்டவும் பெருக்கவும் போவதில்லை, அதை எழுத்தாகவே வாங்க வேண்டும் என்றாள் மகள்.

இப்போது புரோகிராம் யாருக்கும் பயப்படுவதில்லை. 'மழை' என்று தட்டினால்கூட நின்று, 'எண் தேவை' என்று அடக்கமாகக் கேட்கிறது. அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. "மழையல்லவா சாரே, வெட்டில்லா. பின்னே எண் எங்கேயிருந்து வரும்?" என்று கேட்டார். நியாயம்தான். வெட்டு இல்லாத நாளும் பூஜ்யம் ஷீட் வந்த நாளும் ஒன்றல்ல. மழைக்குத் தனி இடம் வைத்தேன். மறுநாள் 'கல்யாண வீடு' என்று வந்தது.

எதையெல்லாம் மறுக்கிறோம் என்று தெரிந்தால்தானே திருத்த முடியும் என்று, மறுத்த வரிகளை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்துவைக்க ஏற்பாடு செய்தாள் மகள். தினமும் ராத்திரி நான் அந்தக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். சாயங்காலம் பக்கத்தில் நின்று நாலு தடவை சொன்னாலும் காதில் ஏறாத மனிதன், ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படிக்கிறான் என்பதை என் மனைவி சீக்கிரமே கண்டுகொண்டாள். ஷீட் எத்தனை என்ற கேள்விக்கு, 'சக்கை பறிக்க ஆளு வருது நாளைக்கு வீட்டுல இருங்க' என்று ஒரு வரி. ஒட்டுப்பால் எத்தனை கிலோ? 'தேங்காண்ணெ தீந்து மூணு நாளாச்சு.' விலை? 'கெணத்து மூடி.' எல்லாம் எண் அல்ல என்று முறையாக மறுக்கப்பட்டு, தேதியோடு பதிவாகியிருந்தன. நான் பதில் சொல்லாமல் இருக்க வழியே இல்லை, எழுத்தில் இருக்கிறது.

ஒரு சிக்கல் வந்தது. வரிக்கு நான் வைத்திருந்த இடம் 128 பைட். முடிவுக்குறி போக 127. தமிழில் நாற்பத்திரண்டு குறி. என் மனைவி ஒரு விஷயத்தை ஆரம்பிக்கவே அவ்வளவு ஆகும். என் தங்கை வீட்டு விசேஷத்தைப் பற்றிய அவளுடைய அபிப்பிராயம் 'உங்க தங்கச்சி சொன்னது சரிதான் ஆனா' என்பதைத் தாண்டியதும் அறுந்து நின்றது. மீதியைப் புரோகிராம் நேர்மையாகக் கொட்டிவிட்டிருந்தது. நான் வேண்டுமென்றே வெட்டினேன் என்று அவள் நம்பினாள். எஃப்கெட்ஸ், பஃபர், என்டர் என்று நான் விளக்கியதை, குற்றவாளி வக்கீல் வைத்துப் பேசுகிறான் என்ற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மகளுக்குப் போன் போட்டாள்.

அடுத்த விடுமுறையில் மகள் வந்து எஃப்கெட்ஸை எடுத்துவிட்டுக் கெட்லைன் போட்டுக் கொடுத்தாள். 2008இன் போசிக்ஸ் தரத்தில் சேர்ந்தது. வரி எவ்வளவு நீளமானாலும் அதற்குத் தக்கபடி இடத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்த இடத்தை விடுவிப்பது மட்டும் நம் பொறுப்பு. "இனி அளவு கெடையாதும்மா, எவ்வளவு வேணும்னாலும் எழுதலாம்," என்று அம்மாவிடம் சொன்னாள்.

முழுக்கச் சரியில்லை. கெட்லைனுக்கு அளவு இல்லை, உண்மை. ஆனால் லினக்ஸ் டெர்மினல், என்டர் விழும்வரை ஒரு வரியில் 4,095 பைட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. அதற்குமேல் தட்டுவதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். தமிழில் 1,365 குறி. மகளுக்கு இது தெரியாது, தேடிப் படித்துக் கண்டுபிடித்தவன் நான்தான். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு கணினி விஷயம் எனக்குத் தெரிந்திருப்பது பல மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.